லோரித் தராசில் ஏறிய சிவப்புக் கார்

பாய்,

நேற்று உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் உன் மகள் எனக்கு நெய்ச்சோறு கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்ததும் நெய்யும் ஏலக்காயும் பட்டையும் கலந்த அந்த வாசனை என்னை நேரே கோலசிலாங்கூருக்கு, உன் கடையின் பின்பக்கம் உன் உம்மா நின்று சமைத்த அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டது. முழங்கால் வலி என்று சொல்லி நான் ஃபாத்திஹாவுக்கு வரவில்லை. வலி இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் உன் கடைக்குள் வந்து உட்கார எனக்கு எப்போதும் இருக்கும் தயக்கம்தான் முழங்காலைவிடப் பெரிய காரணம்.

போகும்போது உன் மகள் ஒரு பழைய கவரை என் கையில் வைத்தாள். "வாப்பாவோட பெட்டியில இருந்துச்சு மாமா. உங்க பேரெழுதி ஒட்டி வச்சிருந்தாங்க." பிரித்தேன். இரண்டு எடைச் சீட்டுகள். செம்பனை எண்ணெய் மில்லில் லோரிக்காரர்களுக்குக் கிழித்துக் கொடுப்பார்களே, அந்த மஞ்சள் சீட்டு. கூட ஒரு வரி கடிதம் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஆள் நீ, எழுதச் சொன்னால் மட்டும் கை வராது.

மேலே இருந்த சீட்டை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக என் தூக்கத்தைக் கெடுத்த சீட்டு. அடியில் இருந்ததை நேற்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை காலம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்போது நமக்கு இருபத்தாறு வயது இருக்கும். எண்பதுகளின் நடுவில். நான் புக்கிட் ரோத்தானில் எஸ்டேட் லோரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தேன். நீ உன் வாப்பா விட்டுப்போன சாப்பாட்டுக் கடையை நடத்திக்கொண்டிருந்தாய். நடத்தியது நீ என்று ஊர் சொன்னது. சமைத்தது உன் உம்மா. நீ செய்ததெல்லாம் விடியற்காலையில் பாசிர் பெனம்பாங்குக்கு வேனில் போய் மீன் வாங்கி வருவதும், கல்யாண வீடுகளுக்குக் குழம்பு அண்டாவைக் கொண்டுபோய் இறக்குவதும்தான். ஆனால் அந்த வேனை நீ ஓட்டும் அழகு இருக்கிறதே! ஈஜோக்கின் மண்சடக்கில், பின்னால் ஆட்டுக்கறிக் குழம்பு தளதளக்க, மற்றவர்கள் இருபதில் ஊர்ந்து போகும் வளைவை நீ அறுபதில் திருப்புவாய். ஒரு சொட்டு சிந்தாது. பக்கத்தில் உட்கார்ந்த நான்தான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன்.

பத்து தீகா பந்தயத் திடலில் கார் பந்தயம் என்றால் லோரி பிடித்தாவது போய்ப் பார்த்துவிடுவோம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நாமும் நிற்க வேண்டும் என்று நீ சொன்னதை நான் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். சின்னதுரையின் சிவப்புக் கார் விலைக்கு வரும்வரை.

எஸ்டேட்டில் உதவி மேனேஜராக இருந்த சின்னதுரை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போக முடிவு செய்திருந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அவருடைய செல்லப்பிள்ளை. உன்னிடம்தான் முதலில் சொன்னார். ஒரு வாரம் காத்திருப்பதாகவும், வேண்டுமானால் சனிக்கிழமையிலிருந்து திங்கள்வரை ஓட்டிப் பார்க்கும்படியும் சொல்லிச் சாவியையே கொடுத்துவிட்டார். வாங்குவதற்கு உன்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கடை. அதை எழுதிக் கொடுத்தால் உன் வாப்பாவின் தம்பி, உன் சாச்சா, வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவருக்குக் கடை வேண்டும், அந்தக் கடையில் உன் உம்மா வேண்டாம். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணமாகாத தங்கைகள் இரண்டு பேர் வீட்டில் இருந்ததும் தெரியும்.

இன்னொரு வழியும் இருந்தது. என் பட்டறையின் பின்னால் புல் முளைத்துக் கிடந்த பழைய நாலு கதவு கார். டாக்சியாக ஓடித் தேய்ந்து, என்னிடம் வந்து சேர்ந்த வண்டி. அதைப் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தட்டியெழுப்பி, சின்னக் கார்களுக்கான பந்தயத்தில் இறக்கலாம். நீயே ஒருதரம் அதைச் சொல்லியிருக்கிறாய். நான்தான் சிரித்தேன். "இதுலயா? இது ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏத்துன வண்டி பாய்."

சனிக்கிழமை காலையில் சிவப்புக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு ஈஜோக் பக்கம் போனாய். திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னாய். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. காலை வைத்தால் முதுகை சீட்டில் அறைந்துகொண்டு பாய்கிறது! நாளெல்லாம் லோரி கிளட்சோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்தக் கியர் விரல் நுனியில் விழுந்தது. "வாங்கிடு பாய். இதை விட்டா ஜென்மத்துக்கும் கிடைக்காது" என்றேன். ஒரு மெக்கானிக் சொல்லும் பேச்சா அது? ஒரு ஸ்பிரிங் உடைந்தால் கப்பலில் வர வேண்டும், யோசி, என்று சொல்லியிருக்க வேண்டிய வாய். நீயோ நான் சொல்வதைத்தான் கேட்பதென்று காத்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் அன்று பார்த்த சந்தோஷத்தை உன் நிக்காஹ் அன்றுகூட நான் பார்க்கவில்லை.

மத்தியானம் கடைக்குச் சாப்பிட வந்தோம். நீ வெளியே கூட்டத்துக்குக் காரைக் காட்டிக்கொண்டு நின்றாய். உம்மா எனக்குச் சோறு போட்டார். நான் கேட்காமலே இரண்டாவது தடவையும் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நீ சொன்னா அவன் கேப்பான்ப்பா. அது நல்ல காரா?"

"ரொம்ப நல்ல கார் உம்மா."

"அப்ப சரி."

அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை, என்னைக் கெஞ்சவுமில்லை. எழுந்து போய்ப் பெரிய அண்டாக்களைத் திருப்பித் திருப்பி அடியில் பொறித்திருந்த பெயரைப் பார்க்க ஆரம்பித்தார். உன் வாப்பா பெயர் போட்டது ஒரு பக்கம், உம்மா தன் கல்யாணத்தின்போது ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது இன்னொரு பக்கம். தன்னுடையதைப் பிரித்து வைக்கிறார் என்று புரிவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தபின் அந்த இரண்டாவது சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அதற்குமேல் "வாங்காதே" என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வது? காலையில் வாங்கச் சொன்ன அதே வாய். நான் திணறிக்கொண்டு நிற்கும்போது நீயே ஒரு வழியைத் திறந்துவிட்டாய்.

"மில்லுக்குப் போவோம்டா. எடை போட்டுப் பாத்துருவோம்."

"காரையா?"

"அரைக் கிலோ கெண்டை வாங்குனாலே தராசுல வச்சுத்தான் வாங்குறேன். கடையைக் குடுத்து வாங்குற சாமானை எடை பாக்க வேணாமா? பந்தயம்னா பாரம்தான்டா எதிரி. பத்து தீகாவுல அவனுங்க பேசுனத நீயும்தானே கேட்ட."

மில்லில் எடை எழுதும் கிராணி எஸ்டேட் லயத்து வீடுகளில் என்னோடு ஒன்றாக வளர்ந்தவன். விளைச்சல் உச்சத்தில் இருந்த மாதம், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளும் டிராக்டர்களும் மூக்கும் வாலும் ஒட்டி வரிசையில் நின்றன. பட்டறைப் பையன் ஒரு லோரியில் கட்டி இழுத்து வந்த பழைய டாக்சியை முதலில் ஏற்றினோம். எழுநூற்றுத் தொண்ணூறு கிலோ. அதைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, சிவப்புக் காரை நான் ஓட்டிக்கொண்டுபோய்த் தராசின் முன் நுனியில் நிறுத்தி இறங்கினேன். நீ கிராணியின் சன்னல் ஓரத்தில், முள்ளைப் பார்த்தபடி நின்றாய்.

அங்கேதான் நடந்தது. அது லோரிகளுக்குப் போட்ட தராசு, நீளம் அதிகம். நம் சின்னக் கார் அதில் பாதியைக்கூட அடைக்கவில்லை. பின்னால் நின்ற டிராக்டர்காரர், வரிசையில் இடம் கண்டால் வண்டியை நகர்த்துவதே கையின் பழக்கம், மெல்ல உருட்டி முன்சக்கரம் இரண்டையும் தராசின்மேல் ஏற்றிவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். லோரி ஏறினால் தராசில் இடமே மிஞ்சாது, அதனால் பின்னால் எட்டிப் பார்க்கும் வழக்கம் கிராணிக்கு இல்லை. நீ முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஆயிரத்து ஐநூற்றுத் தொண்ணூறு. கிராணி சீட்டைக் கிழித்து உன் கையில் கொடுத்தான்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "ஆலாமாக்! ரெண்டு மடங்குடா. இத்தன பாரமா இந்தச் சின்ன வண்டி?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பின்னால் பார், டிராக்டர் ஏறியிருக்கிறது, மறுபடி போடு. நான் சொன்னது வேறு. "வெளிநாட்டுக்காரன் செஞ்சதுலா பாய். இரும்பு கெட்டியாத்தான் போடுவான்." காதெல்லாம் சூடாகி எரிந்தது. மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீ சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. நீ பேசாமல் வந்த பிரயாணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஞாயிறு முழுக்க நீ வரவில்லை. நான் சாப்பிடவில்லை. நீ வாங்கிவிடுவாயோ என்று ஒரு பயம், என் பொய்யால் வாங்காமல் போய்விடுவாயோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிநேகிதனுடைய ஆசையைத் தராசில் ஏமாற்றிப் பறித்தவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். உடனே, உம்மா அண்டாவைத் திருப்பிப் பார்த்தது கண்ணில் வரும். மறுபடியும் வாயை மூடிக்கொள்வேன்.

திங்கட்கிழமை மத்தியானக் கூட்டம் முடிந்தபின் நீ சிவப்புக் காரில் பட்டறைக்கு வந்தாய். கையில் வாழையிலைப் பொட்டலம். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாய், பானெட்டைத் தட்டிக்கொடுத்தாய்.

"கழுவிவிடுடா. சின்னதுரைக்கிட்ட சாவியைக் குடுத்துட்டு வந்துர்றேன். நம்ம டாக்சிய வெளிய இழு. புல்லு புடுங்குற வேலையிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"நெசமாவா பாய்?"

"எடைய நீயும்தானே பாத்த," என்றாய்.

காரை நான்தான் கழுவினேன். நாலு டயரிலும் கறுத்த எண்ணெய்ச் சேறு. தண்ணீர் அடித்தாலும் போகாமல் மண்ணெண்ணெய் துணி வைத்துத் துடைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சேறு நம் பக்கத்தில் மில் வாசலைத் தவிர வேறெங்கும் இல்லை. சனிக்கிழமைச் சேறு இரண்டு நாளில் காய்ந்து உதிர்ந்திருக்கும். இது ஈரமாக இருந்தது. முட்டாள் நான், துடைத்தேனே தவிர யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த எட்டு மாதங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தாள் போதாது. பின் சீட்டைக் கழற்றினோம், கதவின் உள்பலகையைக் கழற்றினோம், பின் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு போட்டோம். தரையில் துருப்பிடித்த ஓட்டைக்கு உம்மா தன் பிஸ்கட் டின்னின் மூடியைக் கொடுத்தார், அதில் ஒரு ரோஜாப் படம். ரோஜா மேலே தெரியும்படி அடி என்று வேறு சொன்னார். வாரம் ஒருமுறை மில்லுக்குக் கொண்டுபோய் எடை போடுவோம். ஒவ்வொரு முறையும் நான் தராசின் பின்பக்கம் போய்க் கையைக் காலை விரித்து நின்றுகொண்டு டிராக்டர்களை விரட்டுவேன். "ஏன்டா போலீஸ் மாதிரி நிக்கிற?" என்று கிராணி கேட்பான். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாய். சிரிப்பை அடக்கத்தான் திரும்பினாய் என்று நேற்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

பந்தய நாளன்று காலை ஒத்திகையிலேயே ஃபேன் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட்டைப் பட்டறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். நீ என்னைக் கொன்றிருப்பாய். அதற்குள் வேலிக்கு வெளியே நம் காரின் அண்ணன் போல ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டேன். ஈஜோக்கிலிருந்து ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பந்தயம் பார்க்க வந்த பெர்மிட் இல்லாத டாக்சி. அதை ஓட்டி வந்த பெரியவரிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"கழட்டிக்கலா தம்பி," என்றார். "ஆனா திருப்பி மாட்டிக் குடுக்காம போனீங்கன்னா, ஆறு பேரும் உங்க கார்லதான் வீட்டுக்கு வருவோம்."

அந்தப் பெரியவரின் பெல்ட்டில்தான் ஓடினோம். பாரம் இல்லாத அந்த வண்டியை நீ குழம்பு அண்டா ஏற்றியது போலவே வளைவில் திருப்பினாய். உன் உம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சீனரின் கையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் கையை விடுவிக்காமல் கூடவே கத்தினார்.

சிவப்புக் காரும் அன்று அடுத்த பந்தயத்தில் ஓடியது. கோலாலம்பூர் பணக்காரப் பையன் ஒருவன் வாங்கியிருந்தான். என்ன அழகு, என்ன வேகம். எல்லோரையும் தாண்டிக்கொண்டு முதலில் போனது. பாதியில் புல்லில் இறங்கிப் புகையோடு நின்றது. என்ன பழுதென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குச் சாமான் கழற்றிக் கொடுக்க வேலிக்கு வெளியே ஒரு வண்டியும் இல்லை. அந்தப் பையன் தோளைக் குலுக்கிச் சிரித்துவிட்டு, வீட்டிலிருந்து வந்த இன்னொரு காரில் ஏறிப் போய்விட்டான். அவனுக்கு அது போனால் இன்னொன்று. உனக்கு அது போனால் கடை. அந்தப் புகையைப் பார்த்ததும் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். அதன்பிறகு வாழ்க்கையில் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, அத்தனை பெரிய நிம்மதி வந்ததில்லை.

இருபத்திரண்டு காரில் நாம் பதினொன்றாவது. "பதினொண்ணு நல்ல நம்பராப்பா?" என்று உம்மா கேட்டார். "சரி பாதிக்கு மேல உம்மா" என்றாய் நீ, கோப்பை வாங்கியவன் மாதிரி. பெரியவரின் பெல்ட்டைக் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டு, உம்மா கட்டிக்கொண்டு வந்த பொட்டலங்களைப் பிரித்து எல்லோரும் புல்லில் உட்கார்ந்தோம். அப்போதுதான் நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"பாய், அன்னிக்கு மில்லுல அந்த எடை..."

"எடையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு மச்சான். சாப்பிடு."

பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, கார் வளைவில் வழுக்கிய கதையை ஆரம்பித்துவிட்டாய். பாவம், இவனுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொல்ல வந்தேன், வாய் வரவில்லை. நீ கல்யாணம் செய்தாய், தங்கைகளுக்குச் செய்து வைத்தாய், கடையைப் பக்கத்து வாசலுக்கும் இழுத்தாய், உம்மா அதே அடுப்படியில் கடைசி வரைக்கும் அதிகாரம் செய்தார். எல்லாவற்றையும் பார்த்து எனக்கு நிறைவுதான். ஆனால் கடையில் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் ஒருதரம் போட்ட சோற்றோடு எழுந்துவிடுவேன். பொய் சொல்லிக் காப்பாற்றிய சோற்றை எப்படித் திரும்பக் கேட்பது? "எஸ்டேட் கிராணி மாதிரி அளந்து திங்கிறான் பாரு" என்று நீ ஊரைக் கூட்டிக் கேலி செய்வாய். நானும் சிரித்து வைப்பேன்.

இப்போது அந்த இரண்டாவது சீட்டு.

அதுவும் அதே மில், அதே கிராணியின் கையெழுத்து. சிவப்புக் காரின் நம்பர். முதல் சீட்டில் சனிக்கிழமைத் தேதி, இதில் திங்கட்கிழமைத் தேதி. காலை பத்து மணி. எடை ஆயிரத்து இருபது கிலோ.

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை படித்தேன். தனியாகப் போயிருக்கிறாய். என் காது சிவந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டாயோ, மீன்காரன் சொல்லும் எடையை நம்பாத பழக்கமோ, தெரியாது. மறுபடி எடை போட்டிருக்கிறாய். அந்த எஞ்சினுக்கு ஆயிரத்து இருபது கிலோ ஒரு பாரமே இல்லை, அதுவும் உனக்குத் தெரியும். கார் இன்னும் உன் கையில். சாச்சா தயார். வாங்கியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். நீ கடைக்குப் போய், பொட்டலம் கட்டிக்கொண்டு, என் பட்டறைக்கு வந்து, புல்லைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறாய்.

நான் உன்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, பாய். அந்த ஆசையை நீயே இறக்கி வைத்திருக்கிறாய். நான் சொன்ன பொய்யையும் சேர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சுமந்திருக்கிறாய். அந்தக் கிராணிப் பயலும் சாகும்வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னை எட்டு மாசம் வாராவாரம் டிராக்டர் விரட்ட விட்டீர்களே! கோபம்தான் முதலில் வந்தது. உயிரோடு இருந்தால் கண்டபடி கேட்டிருப்பேன். அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். வீட்டில் பயந்துபோய் மகனுக்கு போன் போட்டுவிட்டார்கள்.

இன்று மத்தியானம் மகனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. உன் மகள் கல்லாவிலிருந்து எழுந்து வந்து இலை போட்டாள். சரியான எடை காட்டும் சீட்டை அவளிடம் கொடுத்து, இது உன் வாப்பாவுடையது, பத்திரமாக வை என்றேன். பொய்ச் சீட்டை நான் வைத்துக்கொண்டேன். அது என்னுடையது. சட்டைப்பையில் இருக்கிறது, இனிமேலும் அங்கேயே இருக்கும்.

மீன் குழம்பு அப்படியே உம்மாவின் கை. முதல் சோறு முடிந்ததும் அவள் வழக்கம் போல இலையை எடுக்க வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றேன்.